தோளில் எட்டுக் கிலோ

கல்யாணப் படம் எடுப்பவரின் கருவிகளைத் தராசில் ஏற்றினால் கணக்கு இப்படி வரும். சோனி ஏ7 மார்க் 4 பாடி ஒன்று, பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். முகூர்த்தத்துக்கு இரண்டு பாடி இல்லாமல் யாரும் போவதில்லை; ஆக 1,316. அதே நிறுவனத்தின் 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 695 கிராம், 70-200 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 1,045, 85 மி.மீ. லென்ஸ் 371, 35 மி.மீ. லென்ஸ் 280. இதுவரை 3 கிலோ 700 கிராம். தலா அரைக் கிலோ வரும் ஃப்ளாஷ் இரண்டு, தலா 83 கிராம் உள்ள உதிரி பேட்டரி ஆறு, சார்ஜர், ட்ரிகர், கார்டு உறை, துடைக்கும் துணி என்று சேர்த்தால் ஆறு கிலோ ஆகிவிடும். நல்ல முதுகுப்பை ஒன்று காலியாகவே இரண்டு கிலோ இருக்கும். மொத்தம் எட்டு. பழைய கருவிகளை வைத்திருப்பவருக்கு இன்னும் கூடும்: நிக்கான் டி850 பாடி ஒன்றே 1,005 கிராம், கேனானின் பழைய 70-200 இரண்டாம் பதிப்பு 1,490 கிராம்.

இந்த எட்டுக் கிலோவின் மதிப்பு பல லட்சம் ரூபாய். அதைச் சுமக்கும் பையோ, பெரும்பாலும் கேமரா வாங்கும்போது கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது, அல்லது மிச்சமிருந்த பணத்தில் கடைசியாக வாங்கியது.

திண்டுக்கல் சமவெளியில் போட்டோ வேலை ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. விடியற்காலை முகூர்த்தம் வத்தலக்குண்டில் இருக்கும். மாலை வரவேற்பு திண்டுக்கல் நகரில். மறுநாள் காதுகுத்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில். அடுத்த வாரம் அவுட்டோர் தாடிக்கொம்பிலோ சிறுமலையிலோ. ஆடியிலும் மார்கழியிலும் வேலை குறைந்து, தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம் விழும். கார் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனாலும் உதவியாளர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் போவதே இன்றும் பரவலான வழக்கம். எனவே பை பற்றிய பேச்சு பைக்கையும் வெயிலையும் புழுதியையும் விட்டுவிட்டு நடக்க முடியாது. மழையும் குளிரும் நிறைந்த நாடுகளில் வடிவமைத்த பைகளை அங்குள்ளவர்கள் எழுதும் சிபாரிசை நம்பி வாங்கினால், நத்தம் சாலையில் அவற்றின் குறைகள் தெரியவரும்.

ஒரு பை, இரண்டு வேலை

பை செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஸ்டுடியோவிலிருந்து மண்டபம் வரை கருவிகளைச் சேதமில்லாமல் கொண்டு சேர்ப்பது ஒன்று. மண்டபத்துக்குள் நாலு மணி நேரம் நடமாடும்போது வேண்டிய லென்ஸை வேண்டிய நொடியில் கைக்குத் தருவது இன்னொன்று. முதல் வேலைக்குக் கனத்த மெத்தையும், இறுக மூடும் வாயும், முதுகோடு ஒட்டிய சுமையும் தேவை. இரண்டாவதற்கு வேண்டியவை இதற்கு நேர் எதிரானவை: மெல்லிய உடம்பு, ஒரு கையால் திறக்கும் மூடி, இடுப்பை ஒட்டித் தொங்கும் அமைப்பு. இரண்டையும் ஒரே பையில் தேடுவதுதான் இந்த வாங்கலில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

மணவறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறடிக்கு எட்டடி மேடையில் ஐயர், மணமக்கள், இரு வீட்டுப் பெற்றோர், தாய்மாமன், அரசாணிக்கால், ஹோம குண்டம், குத்துவிளக்கு, நிறைகுடம், அதற்கு மேல் வீடியோக்காரர். அந்த இடத்தில் முதுகுப்பையோடு ஒருவர் சட்டென்று திரும்பினால் விளக்கு சாயும். சிந்தியது எண்ணெய்தான் என்றாலும் அபசகுனம் என்ற பேச்சு அந்த வீட்டில் ஆல்பம் வரும்வரை ஓயாது. ஆகவே அனுபவசாலிகள் பெரிய பையை மணமகன் அறையிலோ உதவியாளரின் காலடியிலோ விட்டுவிட்டு, ஒரு சின்னத் தோள்பையோடு அல்லது இடுப்புப் பட்டையில் கோத்த இரண்டு லென்ஸ் உறையோடு மேடையேறுகிறார்கள். இரண்டு பாடியையும் தோளின் இரு பக்கமும் தொங்கவிடும் ஹார்னஸ் போட்டுக்கொள்பவர்களுக்கு மேடையில் பையே தேவையில்லை. பேட்டரியும் கார்டும் பேண்ட் பையில் அடங்கிவிடும்.

பணம் ஒன்றுக்கே போதும் என்றால் முதலில் வாங்க வேண்டியது போக்குவரத்துப் பை. மண்டபத்துக்குள் சமாளிக்கச் சாதாரணத் துணிப் பையில் மெத்தைத் தடுப்புகளை வைத்துக்கூட வேலை ஓட்டலாம். பைக்கில் அப்படி ஓட்ட முடியாது.

வடிவங்கள் வந்த வழி

1858இல் திருச்சி, மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். பெரிய கேமராவும் ரசாயனங்களுமாக அவருடைய சாமான்கள் மாட்டு வண்டிகளில் போயின. பை என்ற கேள்வியே அப்போது எழவில்லை. கேமரா சிறுத்து ரோலிஃப்ளெக்ஸும் யாஷிகாவும் வந்த பிறகு, கேமராவோடு சேர்த்தே தோலுறை கிடைத்தது. கழுத்தில் தொங்கிய அந்த உறையும் ஒரு ஃப்ளாஷ் கன்னும்தான் ஸ்டுடியோக்காரரின் மொத்தச் சுமை. வீடியோ வந்த காலத்தில் பானசோனிக் எம்7, எம்9000 போன்ற தோள் கேமராக்கள் சூட்கேஸ் அளவுப் பெட்டிகளில் மண்டபத்துக்குள் நுழைந்தன. பெட்டியைப் பார்த்தே வசதியான வீட்டுக் கல்யாணம் என்று ஊர் கணக்குப் போட்ட காலம் அது.

இன்று கடையில் தொங்கும் பைகளின் குலம் வேறு. 1967இல் அமெரிக்க மலையேறியான கிரெக் லோ தொடங்கிய லோப்ரோவிலிருந்து மெத்தை வைத்த முதுகுப்பை மரபு வருகிறது. மலையேறியின் தேவை, கை இரண்டும் காலியாக இருப்பது. 1973இல் இங்கிலாந்தில் தொடங்கிய பில்லிங்ஹாம் முதலில் தைத்தது தூண்டில்காரர்களுக்கான பை. நியூயார்க் புகைப்படக்காரர்கள் அதை வாங்கிக் கேமரா வைப்பது தெரிந்த பிறகுதான் நிறுவனம் பாதை மாறியது. பிலடெல்பியா இன்குவைரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கே 1970களின் நடுவில் தனக்கென்று வடிவமைத்த கான்வாஸ் தோள்பை, பத்திரிகைக்காரர்களின் அடையாளமாகவே ஆனது. அதில் மெத்தை குறைவு, பைகள் அதிகம், மூடி தளர்வு. ஓடிக்கொண்டே லென்ஸ் மாற்றுபவருக்கு வேண்டியது அவ்வளவுதான். முதுகுப்பை சுமப்பதற்குப் பிறந்தது, தோள்பை வேலை செய்வதற்குப் பிறந்தது என்று இந்த வரலாற்றிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம்.

ஒற்றைப் பட்டையில் முதுகிலிருந்து மார்புக்கு இழுத்துக்கொள்ளும் ஸ்லிங் பை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு பாடி, இரண்டு லென்ஸ், மொத்தம் மூன்று கிலோவுக்குள் என்றால் அது சுகம். அதற்கு மேல் போனால் ஒரு பக்கக் கழுத்து அன்று இரவே கணக்கு கேட்கும். சக்கரம் வைத்த உருட்டுப் பெட்டி டைல்ஸ் போட்ட மண்டபத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பொருந்தும். தோட்டத்துக் கோயிலின் மண் பாதையில் அதையும் தூக்கித்தான் போக வேண்டும். தண்ணீரும் தூசும் புகாத கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, கருவிகளை லாரியிலோ விமானச் சரக்கிலோ ஏற்றும் சினிமா, விளம்பரக் குழுக்களுக்கு உரியது.

பைக் பயணம்

சாலைக் குலுக்கல் இரண்டு வகை. பள்ளத்தில் விழும் அடி ஒன்று; அதைத் தடிமனான மெத்தை தாங்கிக்கொள்ளும். என்ஜினிலிருந்து இடைவிடாமல் வரும் நடுக்கம் இன்னொன்று. அதுதான் ஓசையில்லாமல் கெடுக்கும். லென்ஸுக்குள்ளும் சென்சாரைச் சுற்றியும் உள்ள அதிர்வுத் தடுப்பு அமைப்புகள் மிக நுண்ணிய அசையும் பாகங்களால் ஆனவை. பைக் ஹேண்டிலில் கைபேசியைப் பொருத்தினால் அதன் கேமரா கெடக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. காரணம் இதே நடுக்கம். எனவே கேமராப் பையை டேங்க் மீது வைப்பதும், பின் கேரியரில் ரப்பர் கயிற்றால் கட்டுவதும், ஸ்கூட்டரின் கால் பலகையில் வெறுமனே நிறுத்துவதும் தவிர்க்க வேண்டியவை. மனித முதுகைவிடச் சிறந்த அதிர்வுத் தாங்கி பைக்கில் வேறு கிடையாது.

முதுகில் போடும்போது கவனிக்க வேண்டியது பையின் உயரம். ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் பையின் அடிப்பாகம் பின் சீட்டை லேசாகத் தொட்டால் எடையில் பெரும்பகுதி சீட்டுக்குப் போய்விடும், தோளுக்கு வேலை குறையும். மிகக் குட்டையான பை தொங்கிக்கொண்டே வரும். மிக உயரமானது ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டித் தலையைத் திருப்ப விடாது. கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்தால் இது தெரியாது. கருவிகளோடு போய், பையை நிரப்பி, வெளியே நிற்கும் தன் பைக்கிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பின்னால் உதவியாளர் உட்காரும் வண்டியாக இருந்தால் பை அவர் முதுகுக்குத்தான் போகும், அவருடைய உயரத்துக்குத்தான் பட்டை பொருந்த வேண்டும்.

மார்புக் குறுக்குப்பட்டை இல்லாத முதுகுப்பையை வாங்கக் கூடாது. வளைவில் பை ஒரு பக்கம் சரிந்தால் வண்டியின் சமநிலையே மாறும். இடுப்புப்பட்டை நடக்கும்போது பயன்படும். திண்டுக்கல் மலைக்கோட்டை போன்ற பாறைப்படி ஏறும் வேலையில் எட்டுக் கிலோவைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு மாற்றித் தருவது அந்தப் பட்டைதான். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும் என்பதால் அங்கே போகும் பையில் ட்ரைபாட் பட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் திறக்கும் பையைத் தரையில் மல்லாக்கக் கிடத்தினால் முதுகில் படும் பக்கம் மண்ணில் புரளும். மறுபடி மாட்டும்போது வெள்ளைச் சட்டையில் செம்மண் அச்சு விழும். முதுகுப் பக்கமே திறக்கும் பையில் அழுக்காவது வெளிப்புறம் மட்டும். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் ஜிப்பைத் திறக்கவும் வழியில்லை. சற்று விலை கூடினாலும் இந்த ஊருக்கு இதுவே ஏற்றது. ஒரு குறை: வேர்த்த முதுகின் ஈரம் திறப்புப் பலகையில் ஊறும். அதனால் முதுகுப் பலகையில் காற்று போக வரிப்பள்ளமும் வலைத்துணியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வெயில், புழுதி, ஈரம்

திண்டுக்கல்லின் கோடையில் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது 60க்கு மேல் போகும். லித்தியம் பேட்டரியின் ஆயுளை இது போல் குறைப்பது வேறொன்றுமில்லை. லென்ஸுக்குள் உள்ள மசகும் இளகி, அபெர்ச்சர் தகடுகளில் படியக்கூடும். கறுப்புப் பை வெயிலை உறிஞ்சும், சாம்பல் நிறமும் காக்கியும் குறைவாக உறிஞ்சும். ஆனாலும் சந்தையில் பத்துக்கு எட்டு பை கறுப்பாகவே இருக்கிறது. உள்பக்கத் துணியாவது வெளிர் நிறமாக இருக்கட்டும். விடியற்காலை இருட்டில் கறுப்புத் துணி மேல் கிடக்கும் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

புழுதியின் உச்சம் ஜல்லிக்கட்டு. கொசவபட்டி, புகையிலைப்பட்டி, உலகம்பட்டி என்று தை பிறந்ததும் வரிசையாக நடக்கும் களங்களில், வாடிவாசல் திறந்த ஒவ்வொரு முறையும் எழும் மண் அடங்குவதற்குள் அடுத்த மாடு வந்துவிடும். அங்கே பையைத் திறப்பதே தவறு. இரண்டு பாடியிலும் லென்ஸை மாட்டிக்கொண்டு போய், வெளியே வரும்வரை பையை மூடியே வைத்திருப்பதுதான் வழி. ஆகவே அந்த வேலைக்கான பையில் 70-200 லென்ஸ் பாடியோடு சேர்ந்தே அடங்க வேண்டும். மேலே சொன்ன சோனி லென்ஸின் நீளம் 20 செ.மீ.; பாடியும் சேர்ந்தால் ஏறக்குறைய 27. பாடியின் உயரம் 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. உள்ளறை 28 செ.மீ. நீளமும் 12 செ.மீ. ஆழமும் இருந்தால் போதும். பேட்டரி கிரிப் மாட்டியிருந்தால் ஆழம் இன்னும் நாலு செ.மீ. கூட வேண்டும். பையின் அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வெளிப்புற அளவு. டேப் கொண்டு உள்ளே அளந்து பார்ப்பதே நம்பகமானது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ரெயின் கவர் பையின் அடிப்பையில் தனியாக மடித்து வைத்ததாக இருக்க வேண்டும், அதன் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டையும் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத கவர் கொஞ்ச நேரத்தில் தொட்டியாகிவிடும். மழை இல்லாத நாளிலும் தரை ஈரமாக இருக்கும் இடங்கள் பல: நிலக்கோட்டைப் பூச்சந்தை, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், எந்த மண்டபத்தின் பந்தி வாசலும். அடிப்பாகத்தில் தார்ப்பாய் போன்ற கெட்டித் துணியோ ரப்பர்க் குமிழோ வைத்த பை இங்கே தன் விலையை மீட்டுத் தந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான எதிரி பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை வேர்விடத் தொடங்கும். கருவிகளை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மெத்தைத் தடுப்புகள் வேர்வையையும் மழை ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே பை பயணத்துக்கு மட்டுமே. வேலை முடிந்து வந்ததும் கருவிகள் வெளியே வர வேண்டும். டிரை கேபினெட் இல்லாதவர்களுக்குக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு ஜெல் பச்சையானால், ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். 120 டிகிரியளவில் சூடாக்கினால் மறுபடி உழைக்கும்.

மூடிய பை காப்பாற்றும் சந்தர்ப்பமும் உண்டு. தை மாதக் காலையில் கொடைக்கானலில் அவுட்டோர் எடுத்துவிட்டு மலையிறங்கும்போது கேமரா பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் ஊறியிருக்கும். வத்தலக்குண்டில் டீக்கடை முன் பையைத் திறந்தால் கீழ்க்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் உடனே பனிக்கும். வெளிக்கண்ணாடியைத் துடைத்துவிடலாம், உள்ளே பனித்ததைத் துடைக்க வழியில்லை. பையை மூடியே வைத்திருந்தால் மெத்தை மெதுவாகத்தான் சூட்டை உள்ளே விடும், பனி படியாது. மலையிறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் ஜிப்பில் கை வைக்காமல் இருக்க முடிந்தவர் தப்பித்தார்.

துணி, மெத்தை, ஜிப்

பைத் துணியின் கனம் டீனியரில் சொல்லப்படுகிறது. ஒன்பதாயிரம் மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். மலிவுப் பைகள் பெரும்பாலும் 600 டீனியர் பாலியெஸ்டர். உராய்வுக்கு 1000 டீனியர் நைலான் நிற்கும். ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. துணியின் உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் படலம்தான் தண்ணீரைத் தடுப்பது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடங்களில் அது பிசுபிசுத்து உரியும். நாள்பட்ட சரக்கைத் தள்ளுபடியில் வாங்குபவர்கள் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட வேண்டும். விரல் ஒட்டினால் பையின் ஆயுள் கடை அலமாரியிலேயே பாதி கழிந்துவிட்டது.

மெத்தையை விரலால் அழுத்திப் பார்க்கலாம். கெட்டியான மூடிய அறை ஃபோம் தண்ணீர் குடிக்காது, பல வருடம் உழைக்கும். சோபா பஞ்சு போல் பொசுக்கென்று அமுங்குவது சில வருடத்தில் மாவாகும். தடுப்புகள் வெல்க்ரோவில் ஒட்டி இடம் மாற்றக்கூடியவையாக இருப்பது இப்போது எல்லாப் பையிலும் வழக்கம். மூடியில் வெல்க்ரோ வைத்த தோள்பை மட்டும் வேண்டாம். கெட்டிமேளத்தில் அந்தச் சத்தம் கேட்காது. திண்டுக்கல் புனித வளனார் பேராலயத்தில் திருமண வாக்குறுதி சொல்லும் அமைதியில் சர்ரென்று கிழியும் வெல்க்ரோவின் ஒலி, கோயில் முழுக்கக் கேட்டு வீடியோவிலும் பதிவாகும்.

பை முதலில் சாவது ஜிப்பில். பல்வரிசையின் அகலம் சுமார் எத்தனை மில்லிமீட்டரோ அதுவே ஜிப்பின் எண்: 5, 8, 10. முதன்மை அறைக்கு 8 அல்லது 10 இருக்க வேண்டும். 5ஆம் எண் வெளிப்பைகளுக்குப் போதும். ஜப்பானிய ஒய்கேகே ஜிப் போட்ட பை என்றால், தயாரிப்பாளர் மற்ற இடங்களிலும் சிக்கனம் பிடிக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் தையல் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் எட்டுக் கிலோவுக்கு நிற்காது. இப்படிப்பட்ட குறைகளை ஊரிலேயே சரிசெய்துகொள்ள முடியும் என்பது ஒரு வசதி. பைக் சீட் கவர் தைக்கும் ரெக்சின் கடையில் கனத்த ஊசியும் நைலான் நூலும் உண்டு. பட்டையை மறுபடி தைப்பது, ஜிப் ஓடியை மாற்றுவது, அடியில் ரெக்சின் ஒட்டுப் போடுவது எல்லாம் அரை மணி வேலை. ஒட்டிச் செய்த பைகளுக்கு இந்தச் சிகிச்சை பலிக்காது, தைத்துச் செய்தவற்றுக்கே பலிக்கும்.

பை என்றதும் திண்டுக்கல்காரருக்குத் தோல் நினைவுக்கு வருவது இயல்பு. நகரைச் சுற்றித் தோல் பதனிடும் ஷாப்புகள் பல தலைமுறையாக இயங்கிவருகின்றன. ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சாறுகளால் பதனிடும் மரபில் வந்த கிழக்கிந்தியத் தோலுக்குத் திருச்சியும் திண்டுக்கல்லும் பேர்போனவை. அந்தத் தோலில் செய்த பை பார்வைக்கு அழகு, வயது கூடக்கூட நிறமும் கூடும். ஆனால் கனம் அதிகம்; மழைக்காலத்தில் தோலிலேயே பூஞ்சை பிடிக்கும், அது லென்ஸுக்கும் தாவும். தோளில் போடும் பட்டைக்கும் ஹார்னஸுக்கும் தோல் நன்றாகப் பொருந்தும். பைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

பூட்டும் பயணமும்

மண்டபத்தில் திருட்டு நடப்பது பந்தி நேரத்தில். எல்லாரும் சாப்பிடப் போகும்போது பை மணமகன் அறையில் தனியாகக் கிடக்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கனத்த இரும்பில் செய்த மாங்காய்ப் பூட்டை உடைக்கச் சம்மட்டி வேண்டும். அதைக் கேமராப் பை ஜிப்பில் தொங்கவிட்டால் ஜிப்தான் முதலில் உடையும். இரண்டு ஜிப் ஓடிகளையும் சேர்த்துக் கோக்கச் சின்ன எண் பூட்டும், பையின் கைப்பிடியைக் கட்டில் காலோடோ ஜன்னல் கம்பியோடோ பிணைக்க ஒரு மெல்லிய கம்பி வடமும் போதும். அவை திருடனை நிறுத்தாது, தாமதப்படுத்தும். பெரிய எழுத்தில் கேமரா நிறுவனத்தின் பெயர் பொறித்த பை உள்ளே இருப்பதை ஊருக்கே அறிவிக்கிறது; இலவசப் பைகளை ஒதுக்க இன்னொரு காரணம்.

சென்னைக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகும்போது பையின் தேவை மாறும். வைகை எக்ஸ்பிரஸ் போன்ற பகல் ரயிலில் மேல் தட்டில் வைத்தாலும் கண்ணெதிரே இருக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளுவதைவிடத் தலைமாட்டில் வைத்துப் படுப்பதே பலரின் வழக்கம். அதற்கு மிக உப்பிய பை ஆகாது. மதுரையிலிருந்து விமானம் ஏறினால் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. எட்டுக் கிலோப் பை அங்கே கேள்விக்கு உள்ளாகும். ஒரு பாடியையும் 70-200ஐயும் கழுத்தில் மாட்டிக்கொள்வது பழைய தந்திரம். உதிரி லித்தியம் பேட்டரிகள் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது, கையோடுதான் போக வேண்டும். கேமரா பேட்டரி ஒன்று 16 வாட்-மணியளவுதான் என்பதால் 100 வாட்-மணி வரம்பு அதற்குத் தொல்லையில்லை. வீடியோ விளக்குகளுக்கான பெரிய வி-மவுண்ட் பேட்டரி வாங்கும்போதுதான் 100க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லைட் ஸ்டாண்ட், ட்ரைபாட், சாஃப்ட்பாக்ஸ் ஆகியவற்றைக் கேமராப் பையோடு சேர்க்கவே கூடாது. இரும்பும் அலுமினியமும் லென்ஸின் பக்கத்தில் பயணம் செய்தால் யார் தோற்பார்கள் என்பது தெரிந்ததே. அவற்றுக்கு நீளமான கான்வாஸ் பை ஒன்று போதும், மெத்தை தேவையில்லை, உள்ளூரிலேயே தைத்துக்கொள்ளலாம். ட்ரோனும் கிம்பலும் வைத்திருப்பவர்களுக்கு அவற்றோடு வந்த உறையே நல்லது. எல்லாவற்றையும் ஒரே பையில் அடைக்கும் ஆசையில் 40 லிட்டர் பை வாங்கியவர்கள், காலியாக இருக்கும் அறையை நிரப்புவதற்காகவே தேவையில்லாத லென்ஸைச் சுமப்பதைக் காணலாம். பையின் அளவை அலமாரியில் உள்ள கருவிகளை வைத்துத் தீர்மானிக்காமல், நெருக்கடியான ஒரு முகூர்த்த நாளில் உண்மையில் வெளியே எடுத்தவற்றை வைத்துத் தீர்மானித்தால் பல பைகள் ஒரு அளவு சிறுத்துவிடும்.

வாங்கிய பையை மாதம் ஒருமுறை காலி செய்து, தடுப்புகளைப் பிடுங்கி, தூசி உறிஞ்சியால் மூலைகளைச் சுத்தம் செய்து, காலை வெயிலில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். நல்ல வெயில் இந்த ஊரில் இலவசம். துவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது; பூச்சு உரியும், மெத்தை உருக்குலையும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஜிப் பற்களில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தால் ஓட்டம் இலகுவாகும். எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டி இன்னும் கெடும். மெத்தை அழுத்தியதும் எழாமல் போனாலோ, உள்பூச்சு பொடியாக உதிர்ந்து லென்ஸ் மேல் படிந்தாலோ, அந்தப் பையை லென்ஸ் பக்கம் விடக் கூடாது. கேபிள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டாண்டுக்கான மணல் பைகள் போன்றவற்றைச் சுமக்க அது இன்னும் சில வருடம் உதவும்.